யார் செத்தது என்று கேட்காத ஆலை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஜமுனாமரத்தூரில் இ-சேவை மையம் நடத்துகிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். நெட் வரும்போது கரண்ட் போகும், கரண்ட் வரும்போது நெட் போகும், இரண்டும் சேர்ந்து வரும்போது எதிரே நிற்பவர் ரேஷன் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார். ஆலங்காயத்திலிருந்து மலையேறி வந்து கடை போட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் என்னை அதிகமாகப் பாடாய்ப் படுத்தியது நெட்டும் இல்லை, கரண்டும் இல்லை. சின்னக்குழந்தை அக்கா.

பெயரை வைத்து ஆளை எடை போட வேண்டாம். வயது ஐம்பதை நெருங்குகிறது, பிடிவாதம் அதற்கு முன்பே நூறைத் தாண்டிவிட்டது. ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட சாமை ஆலை அவருடையது. மலையில் விளைகிற சாமையை வாங்கி, கல் நீக்கி, தோல் நீக்கி, சலித்து, பாக்கெட் போட்டு அனுப்புவார். வேலைக்குப் பதினோரு பெண்கள். தொழிலாளர் சட்டம் என்றால் மற்ற முதலாளிகள் பின்வாசல் வழியாக ஓடுவார்கள். இவர் முன்வாசலில் கோலம் போட்டு வைத்து, வா, வந்து ஒக்காரு என்று அதைக் கூப்பிடுவார். அந்த விருந்துக்கு இலை போடும் வேலை மட்டும் எனக்கு.

ஒருநாள் செல்போனில் எதையோ கேட்டுவிட்டுக் கடைக்கு வந்தார்.

"தனசேகரு, நின்னுக்கினே வேலை செய்யறவங்களுக்கு ஒக்கார எடம் குடுக்கணும்னு சட்டம் வந்துகீதாமே."

"அது கடைங்களுக்குக்கா. உங்களுது ஆலை."

"ஏன், ஆலையில ஒக்காந்தா சட்டம் கோச்சிக்குமா?"

அடுத்த வாரம் திருப்பத்தூரிலிருந்து பதினோரு ஸ்டூல் வந்து இறங்கியது.

பிறகு ஒவ்வொருவருக்கும் வேலை நியமனக் கடிதம் வேண்டும் என்றார். போட்டோ ஒட்டி, ஆதார் எண் போட்டு, பதினோரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். மாணிக்கம்மாள் தன்னுடையதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பொட்டும் வைத்துவிட்டாள். அதற்கும் பிறகு, பத்துப் பேர் வேலை செய்தாலே பெண்களின் புகாரைக் கேட்க ஒரு குழு வைக்க வேண்டுமாமே என்று வந்து நின்றார். அறிவிப்பை அடித்துக்கொண்டு போய் ஆலைச் சுவரில் ஒட்டி, நானே வாசித்தும் காட்டினேன். "பணியிடத்தில் ஆண் எவரேனும் தவறாக நடந்துகொண்டால்" என்ற இடம் வந்ததும் பதினோரு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஆலைக்குள் வந்துபோகிற ஒரே ஆண் நான்தான். அன்றிலிருந்து வாசலில் நின்றே பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். இருப்பவர்களில் மூத்தவளான குப்பம்மாள் விடமாட்டாள். "உள்ள வாப்பா, கமிட்டிக்கும் ஒரு வேலை வேணாமா?" என்பாள்.

போன ஐப்பசியில் சென்னைக் கம்பெனி ஒன்று அக்காவைத் தேடி வந்தது. கடைகள் வைத்திருக்கிறவர்கள். மூன்று வருட ஒப்பந்தம் தருகிறோம், ஆனால் வேலை செய்கிறவர்களைச் சட்டப்படி வைத்திருக்கிறீர்களா என்று எங்கள் ஆள் வந்து பார்ப்பார், ஜனவரி முதல் வாரத்தில் ஏதாவது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார் என்றார்கள். ஒப்பந்தம் கிடைத்தால் வருடம் முழுக்க ஆலை ஓடும். கிடைக்காவிட்டால் பொங்கல் முடிந்ததும் ஆலை பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். அந்தப் பதினோரு பேரில் பாதிப் பேர், கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் ஜீப்பில் ஏறிக் குடகுக் காபி எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். அக்காவுக்கு அந்த ஜீப்பைக் கண்டாலே ஆகாது.

கம்பெனி கேட்ட காகிதங்களில் ஒன்று, விடுப்பு விதிகள். என் அக்கா மகன் பெங்களூரில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். அவர்களுடைய விதிகளை வாங்கி ஒரே மத்தியானத்தில் தமிழில் அடித்தேன். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் என்று ஒன்று இருந்தது, எடுத்தேன். வளர்க்கிற நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு நாள் என்று இருந்தது, எடுத்தேன். வீட்டிலிருந்தே வேலை என்பதையும் எடுத்தேன், பாக்கெட்டில் சாமையோடு கோழி இறகும் போகும் என்பதால். பணியாளரின் பிறந்தநாளன்று சம்பளத்துடன் ஒரு நாள் விடுப்பு என்பதை மட்டும் விட்டுவைத்தேன். ஆளுக்கு வருடத்தில் ஒரு நாள், என்ன குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன்.

அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தபா படி."

படித்தேன்.

"பொறந்ததுக்கு லீவா?"

"ஆமாக்கா."

"அது இருக்கட்டும்" என்றார். பிறகு விடுப்புச் சீட்டின் மாதிரியை எடுத்துப் பார்த்தார். பெயர், தேதி, காரணம், கையெழுத்து என்று நான்கு கோடு போட்டிருந்தேன். காரணம் என்பதை நகத்தால் சுரண்டினார்.

"இத எடு."

"காரணம் இல்லாம யாருக்கா லீவு குடுப்பாங்க?"

"நான் குடுப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. உலகத்தில் எந்தப் படிவத்தில் காரணம் இல்லை? வாக்குவாதம் முற்றியபோதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

பத்தொன்பது வயதில் குடகுக்குப் போனவர். ஏழு வருடம் எஸ்டேட்டில் இருந்தார். மேஸ்திரியின் ஜீப் இல்லாமல் வெளியே வர வழியில்லாத காடு. லீவு வேண்டும் என்று போய் நின்றால் மேஸ்திரி ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்: "யாரு செத்தது?" சாவு இருந்தால் மூன்று நாள். இல்லாவிட்டால் வேலையைப் பார். ஆகவே அக்கா முதல் வருடம் மாமியாரைச் சாகடித்தார். மாமியார் அப்போது மலையில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் ஓர் அத்தை. அதற்கடுத்த வருடம் இரண்டு பெரியப்பா, ஒருத்தர் போதவில்லை. இருக்கிற உறவையெல்லாம் தீர்த்துவிட்டு, இல்லாத சித்தப்பா ஒருவரைப் பெற்றெடுத்து அவரையும் அனுப்பிவைத்தார். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஆறாவது வருசம் ஆளே இல்ல தனசேகரு. எங்கப்பன சொல்லிட்டேன்."

மறு வருடம் அப்பா உண்மையாகவே செத்துப்போனார். மேஸ்திரி நோட்டைப் புரட்டிக் காட்டினான். உங்கப்பன் போன வருஷமே செத்துட்டானே, ஒரு ஆளு எத்தினி தபா சாவான் என்று கேட்டான். விடவில்லை. மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தபோது புதைத்த மேட்டில் புல் முளைத்திருந்ததாம். நான் சிரித்துக்கொண்டிருந்தது நின்றுபோய்விட்டது. காரணம் என்ற கோட்டை எடுத்துவிட்டேன்.

மார்கழி பிறந்தது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் அக்கா ஒரு கட்டுச் சீட்டோடு வந்தார்.

"லீவு சீட்டுங்க சேந்துகீது. ரிஜிஸ்டர்ல ஏத்திடு."

முதல் சீட்டு மாணிக்கம்மாள், ஜனவரி 1. இரண்டாவது குப்பம்மாள், ஜனவரி 1. நான்காவதில் எனக்குச் சந்தேகம் வந்தது. பதினோராவதில் வியர்த்துவிட்டது. மார்கழி மாதம், ஜவ்வாது மலை, பொழுது சாயும் நேரம், வியர்ப்பதற்கு வழியே இல்லை.

"அக்கா, எல்லாருக்கும் நாளைக்கே பொறந்தநாளு."

"அதெப்புடி?"

அதெப்படி என்று எனக்குத் தெரியும். பல வருடம் முன்னால் இந்த மலையில் ஆதார் முகாம் போட்டபோது மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தட்டியவன் நானே. பிறந்த தேதி என்ன என்றால், நல்லா மழை பேஞ்ச வருசம் என்பார்கள். மாதம் என்றால், சாமை அறுக்கச் சொல்ல என்பார்கள். பொறுமையாக நாலு கேள்வி கேட்டிருந்தால் மாதமாவது கிடைத்திருக்கும். வரிசையில் இருநூறு பேர் நின்றார்கள், எனக்கோ பசி. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று தட்டித் தள்ளிவிட்டேன். தன்வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும் என்பார்கள். அப்பம் வேகப் பல வருடம் ஆகியிருக்கிறது.

சீட்டுகள் இரண்டு வாரமாக ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன. எதையும் கேட்காமல், தேதியைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதை அக்கா ஒரு பெருமையாகவே வைத்திருந்தார்.

"நாளன்னிக்கு சாயங்காலம் பொங்கல் சரக்கு ஏத்த வண்டி வருதுக்கா. ஆடிட்டுக்கும் ஆளு எப்ப வேணா வரலாம். கேன்சல் பண்ணிடுங்க."

"கையெழுத்து போட்டுட்டனே."

"சொன்னா புரிஞ்சிக்குவாங்கக்கா."

"கையெழுத்து போட்டுட்டேன்" என்றார் மறுபடியும். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு ரெண்டு கை கீதில்ல?"

இப்படித்தான் புத்தாண்டு காலையில், தலையில் கொசுவலை மாதிரி ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு, சாமை பாக்கெட் ஒட்டிக்கொண்டு இருந்தேன். அக்கா தோல் நீக்கும் மெஷினுக்கும் சலிக்கும் மெஷினுக்கும் நடுவில் பந்து பொறுக்கும் பையனைப்போல ஓடினார். நான் ஒட்டிய முதல் இருபது பாக்கெட்டில் பதினொன்று வாயைப் பிளந்தன. ஒன்று என் சட்டைக் கையோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

பத்து மணிக்கு வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே ஒரு கணவரும், காற்றடைத்த நீச்சல் வளையத்தை இடுப்பில் மாட்டிய இரண்டு பிள்ளைகளும். இறங்கி வந்த பெண்ணின் கையில், நாங்கள் கம்பெனிக்கு அனுப்பிய காகிதங்கள் வைத்த ஃபைல்.

"நான் ரேணுகாதேவி, கம்பெனிலேருந்து வர்றேன். பீமன் அருவிக்கு ஃபேமிலியோட வந்தோம். வழியில உங்க போர்டப் பாத்தேன். ரெண்டு நாள் கழிச்சு இன்னொரு வாட்டி மலையேறணுமேன்னு இறங்கிட்டேன். ஸ்டாஃப் எங்கங்க?"

"லீவுங்க" என்றார் அக்கா.

"எத்தனை பேரு?"

"பதினோரு பேரு."

"மொத்தம் எத்தனை பேரு?"

"பதினோரு பேரு."

"எதுக்கு லீவு?"

"அதெல்லாம் கேக்கறதில்லீங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பிறந்தநாள் மேடம்" என்றேன்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

ரேணுகாதேவி பேனாவை மூடினார். "ஒம்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன் சார். பதிவேட்டுல மட்டும் இருக்கற ஆளுங்கள நெறைய பாத்திருக்கேன். ஆனா பதினோரு பேரும் ஒரே நாள்ல பொறந்த பதிவேட்ட இப்பதான் பாக்கறேன். நீங்க யாரு?"

"தனசேகரன்."

புரட்டிப் பார்த்தார். "உங்க பேரு இதுல இல்லையே."

பதிவேட்டில் இருக்கிறவர்கள் ஆலையில் இல்லை, ஆலையில் இருப்பவன் பதிவேட்டில் இல்லை. அவர் நல்ல மனுஷி. "ஃபோன் பண்ணி வரச் சொல்லுங்க. அரை மணி நேரம் வெயிட் பண்றேன். ஆளப் பாத்தா நம்பிடறேன்" என்றார்.

உயிர் வந்தது எனக்கு. செல்போனை எடுத்தேன். அக்காவின் கை அதன் மேல் வந்து உட்கார்ந்தது.

"மேடம், அவங்கல்லாம் இங்கயே சுத்துப்பட்டுலதான் கீறாங்க. நான் கூப்ட்டா அடுப்புல கீறத அப்டியே வுட்டுட்டு ஓடி வருவாங்க. அதனாலதான் கூப்ட மாட்டேன்."

"இதுல உங்க காண்ட்ராக்ட் போய்டும்ங்க."

"தெரியுதுங்க. லீவுக்காக எங்கப்பனையே சாவடிச்சவ நானு. பொறந்ததுக்கு லீவுன்னு கையெழுத்து போட்டுட்டு, பாதியில வான்னு கூப்ட்டா, அந்த மேஸ்திரிக்கும் எனக்கும் இன்னாங்க வித்தியாசம்?"

அப்பனைச் சாகடித்தவள் என்று கேட்டதும் ரேணுகாதேவி ஓர் அடி பின்னால் போனார். நான் அவசரமாக எஸ்டேட் கதையை விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும், "பாத்ததத்தான் நான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பிள்ளைகள் அருவி, அருவி என்று கத்திக்கொண்டே போனார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் தொப்பியைக் கழற்றி வீசினேன். ஒரு ஃபோன், அக்கா, ஒரே ஒரு ஃபோன், அந்தப் பதினோரு பேரும் ஜீப் ஏறினால் அப்போது யாருக்கு லீவு கொடுப்பீர்கள் என்று கத்தினேன். அவர் குனிந்து தொப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். "பாக்கெட்ட ஒட்டு" என்றார். ஒட்டினேன்.

மூன்று மணிக்குக் கார் திரும்பி வந்தது. பிள்ளைகள் தொப்பலாக நனைந்திருந்தார்கள். சின்னவன் மூக்கில் வெள்ளைக் கிரீம். ரேணுகாதேவி பேச வாயைத் திறப்பார், சிரிப்பு முந்திக்கொள்ளும். ஒருவழியாகச் சொன்னார்.

அருவிக்கரையில் புதுப் புடவையில் ஒரு கூட்டம். நடுவில் ஒரு கேக். பேக்கரியில் புத்தாண்டுக் கேக் மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கிறது. அதை வாங்கி, கத்தியால் மற்றதைச் சுரண்டிவிட்டு 'ஹேப்பி' என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். யார் வெட்டுவது என்று சண்டை. கடைசியில் பதினோரு பேரும் ஒரே கத்தியைப் பிடித்திருக்கிறார்கள்.

"ஒரு அம்மா என் பையனுக்கு கேக் ஊட்டினாங்க. வேலைக்குப் போகலையான்னு கேட்டேன். பொறந்தநாளு, லீவுன்னாங்க. எல்லாருக்குமான்னேன். 'எங்களுக்கு ஆதார் போட்டவனுக்கு ஒரே ஒரு தேதிதான் தெரியும்'னாங்க."

இது குப்பம்மாள்தான். நான் சாமை மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கடிதத்துல இருக்கற போட்டோவோட ஒவ்வொரு முகமா ஒத்துப் பாத்தேன். பதினொன்னும் சரியா இருந்துது. அப்ப அதே அம்மா என் கையில ஃபைலப் பாத்துட்டு, 'உனக்கு லீவு குடுக்கலையாம்மா?'ன்னு கேட்டாங்க." பேனாவைத் திறந்தார். "லீவு குடுத்ததா எழுதி வெச்சிட்டு ஆள வேலை வாங்கற எடம்தான் நான் பாத்ததெல்லாம். நெஜமாவே குடுத்த எடத்தப் பாத்து பழக்கம் இல்லைங்க. அதான் நம்பல."

ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினார். எல்லாம் சரி, ஒரே ஒரு குறை. நியமனக் கடிதம் இல்லாத ஓர் ஆள் ஆலையில் வேலை செய்கிறார்.

ஓடிப்போய் என் கடையைத் திறந்து, எனக்கு நானே ஒரு நாள் நியமனக் கடிதம் அடித்துக்கொண்டு வந்தேன். அக்கா கையெழுத்துப் போட்டார். ரேணுகாதேவி என் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கும் ஜனவரி ஒன்னா?"

மெஷின் வந்த அன்று சோதனைக்காக முதலில் பதிந்தது என்னைத்தான். பள்ளிச் சான்றிதழ் ஆலங்காயத்து வீட்டில் இருந்தது. சும்மா ஒரு தேதியைப் போட்டேன், அப்படியே நின்றுவிட்டது. ஊரார் அட்டையெல்லாம் திருத்துகிறவனுக்குத் தன் அட்டையைத் திருத்த நேரம் வரவில்லை.

"அப்ப இன்னிக்கு இவருக்கு லீவாச்சேங்க. லீவு நாள்ல வேலை வாங்கிட்டீங்களே."

"மாத்து லீவு குடுத்துடறேங்க" என்றார் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டு, எங்கள் ஆலையைச் சரி என்று முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் ரேணுகாதேவி. எங்கள் ஆலை என்று நான் எழுதியதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரு நாள் பணியாளன், உரிமை உண்டு.

மறுநாள் பதினோரு பேரும் வந்து, நான் ஒட்டியதையெல்லாம் பிரித்துச் சிரித்து மறுபடி ஒட்டினார்கள். வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. பொங்கல் வாரத்தில் ஒப்பந்தம் வந்தது. மேஸ்திரியின் ஜீப் இந்த வருடம் அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட இல்லாமல் திரும்பிப் போனது.

தை கடைசியில் அக்கா ஒரு சீட்டோடு கடைக்கு வந்தார். பெயர், தேதி, கையெழுத்து. தேதி மட்டும் காலியாக இருந்தது.

"உன் லீவு பாக்கி கீது. எப்ப வேணும்னு போட்டுக்க."

"எனக்கு இன்னாத்துக்குக்கா லீவு? கடைய யாரு பாக்கறது?"

கேட்டுவிட்டு யோசித்தேன். பதினான்கு வருடத்தில் என் கடை ஷட்டர் வேலை நாளில் மூடிக்கிடந்தது நான்கு முறை. அப்பா, அம்மா, மாமனார், பெரிய மச்சான். நான்கும் சாவு. நானே என் மேஸ்திரியாக இருந்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை ஷட்டரை இறக்கிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போனேன். பதினான்கு வருடமாக எட்டு கிலோமீட்டர் தூரத்தில் கொட்டிக்கொண்டிருக்கிற தண்ணீரில் அன்றுதான் காலை விட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, செல்போன் அடித்தது. மூடின கடையைப் பார்த்துவிட்டு யாரோ கூப்பிடுகிறார்கள். அன்றைக்கு மொத்தம் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள், ஒன்பது பேரும் பதறிப்போய் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"தனசேகரு, இன்னாப்பா கடை மூடிகீது? யாரு செத்தது?"

"யாரும் சாவலங்க" என்றேன். "லீவு."